வலைச்செயலியின் பதிவேடு: அமைப்பும் பழுது நாடலும்

சொல்லடைவுகள் அச்சேட்டிலிருந்து கணினிக்குப் பெயர்ந்த பின்னர், தமிழாராய்ச்சியில் ஒரு புதுவகைச் சான்று வழக்கிற்கு வந்துள்ளது. 'இச்சொல் இந்நூலிற் பயிலவில்லை' என முடிவு கூறுவோர் பலர், இக்காலத்து நூலை அடி அடியாகப் புரட்டி நோக்கி அதனைக் கூறுவதில்லை. தேடற் பெட்டியிற் சொல்லை இட்டு, 'முடிவுகள் 0' என வரும் விடையைக் கொண்டே கூறுகின்றனர். இன்மையைச் சான்றாக்கி எழும் வாதம் எஞ்ஞான்றும் இடர்ப்பாடு உடையது. நூலிற் சொல் இல்லாமையால் விளைந்த இன்மையும், செயலி பழுதுற்றமையால் விளைந்த இன்மையும் திரையின்கண் ஒரே வடிவில் தோன்றுமாயின் அவ்விடர்ப்பாடு பன்மடங்காகும். இவ்விரண்டனையும் வேறு பிரித்தறிதற்குரிய கருவி யாதெனின், செயலி தான் செய்வனவற்றைத் தானே எழுதிவைக்கும் பதிவேடேயாம். அதனை அமைக்கும் முறையையும், அமைத்த பின்னரும் அஃது எழுதாதொழியுங்கால் காரணம் நாடும் முறையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இது பொறியாளர் கடன், தமிழ்த்துறையார்க்கு இதன்கண் என்ன தொடர்பு என வினவுவார் உளர். பதிவேட்டை நிறுவுதல் பொறியாளர் தொழிலே, அதனை மறுக்கவில்லை. ஆயின் எதனை எழுதிவைத்தல் வேண்டும் என்பதை அறிந்தவர் அவரல்லர். உயிர்மெய் எவ்வாறு சிதைந்து தேடலுக்கு வந்தது, எந்தப் பதிப்பின் பாடம் தேடப்பட்டது என்பன பதிவாகாவிடின், ஏனைய யாவும் பதிந்திருந்தும் ஆராய்வோர்க்குப் பயனில்லை.

பதிவேட்டினை ஆங்கிலத்தார் 'லாக்' என்பர். அச்சொல்லின் பழம்பொருள் மரக்கட்டை என்பதாம். கப்பலின் வேகத்தை அளத்தற்கு, முடிச்சுகள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைப் பிணித்துக் கடலிற் போடுவர். மணற்கடிகை காட்டும் சிறுபொழுதிற்குள் எத்துணை முடிச்சுகள் கைவழி ஓடின என எண்ணுவர். கப்பல் வேகத்தை இன்றும் 'முடிச்சு' எனப் பொருள்படும் அளவையாற் கூறுதல் இதன்வழி வந்ததே. அவ்வளவைக் குறித்த ஏடு கட்டையின் பெயரையே பெற்றது. பின்னர்ப் பயணச் செய்தி யாவும் அவ்வேட்டிற் புகுந்தன. கணினியார் அப்பெயரைத் தாமும் எடுத்துக்கொண்டனர். தமிழில் இதற்குப் பதிவேடு, பதிகை, செயற்குறிப்பு எனப் பல பெயர்கள் முயலப்பட்டுள்ளன. மாணவர் நாவில் 'லாக்' என்பதே வழங்குகின்றது. யாம் கோப்பினைப் பதிவேடு என்றும், அதன்கண் வரும் ஒவ்வொரு குறிப்பினையும் பதிவு என்றும் வழங்குவோம்.

கணினிப் பதிவுகளைத் தரம் பிரித்து எழுதும் வழக்கிற்கு முன்னோடியாக நிற்பது 'சிஸ்லாக்' என்னும் முறை. எரிக் ஆல்மன் என்பார் 1980களில் தம் 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சற் செயலியின் ஒரு பகுதியாக இதனை ஆக்கினார். இடரின் மிகுதி குறைவு பற்றிப் பதிவுகளை 0 முதல் 7 வரை எட்டுத் தரமாக வகுப்பது அம்முறை. வலைச்செயலிகள் பலவற்றை எழுதுதற்குப் பயன்படும் பைத்தான் நிரல்மொழியில், பதிவேட்டுக்கெனத் தனிக்கூறு 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 2.3ஆம் பதிப்பிற் சேர்ந்தது. வினய் சாஜிப் என்பார் அதனை எழுதியவர். அதன்கண் தரங்கள் ஐந்து: டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல். இவற்றிற்கு முறையே 10, 20, 30, 40, 50 என எண்மதிப்பும் உண்டு. சிஸ்லாக்கில் எண் குறையக் குறைய இடர் மிகும். பைத்தானிலோ எண் மிக மிக இடர் மிகும். இரண்டனையும் ஒருங்கு கையாள்வோர் இம்முரணை மறத்தலாகாது.

ஒரு துறை தன் ஆய்வாளர்க்கென அமைக்கும் சொல்லடைவுச் செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது பைத்தானில், 'ஜாங்கோ' என்னும் சட்டகத்தின்மேல் எழுதப்பட்டது என்க. அதன்கண் ஒரு தேடல் நிகழ்ந்து விடை வந்தமை இன்ஃபோத் தரத்தது. தேடிய சொல்லில் தமிழெழுத்தல்லாத குறியொன்று கலந்து வந்தமை வார்னிங் தரத்தது. தரவுத்தளம் விடை தாராமல் முறிந்தமை எரர். தேடுபொறி ஒரு சொல்லை எவ்வெவ்வாறு பிரித்து நோக்கியது என்னும் நுண்செய்தி டீபக். இப்பாகுபாட்டினை முன்னரே தெளிந்துகொள்ளாது எல்லாவற்றையும் எரர் என எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. அத்தகைய பதிவேட்டினைச் சில நாட்களுக்குப் பின் ஒருவரும் திறந்து பாரார்.

அமைப்பின் உறுப்புகள் நான்கு. பதிவை வாங்குவது பதிவாளி. அதனைக் கோப்பு, திரை, அஞ்சல் முதலிய இடங்கட்குக் கொண்டுசெலுத்துவது கையாளி. காலம், தரம், இடம், செய்தி என வரியின் உருவை வகுப்பது வடிவி. வேண்டாதனவற்றை விலக்குவது வடிகட்டி. பதிவாளிகள் பெயர்களிற் புள்ளியிட்டு மரபுவழி தொடுக்கப்படும். 'அடைவு.தேடல்' என்னும் பதிவாளிக்கு 'அடைவு' என்பது தந்தை. அதற்கும் மேலே பெயரில்லாத வேர்ப் பதிவாளி ஒன்று உண்டு. மகவிடம் வந்த பதிவு, தடை இல்லையேல், தந்தையின் கையாளிகளுக்கும் வேரின் கையாளிகளுக்கும் ஏறிச்செல்லும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கற்றோரும் இதன்கண் மயங்குவர். பதிவு முதலில் வந்தடைந்த பதிவாளியின் தரவரம்பே நோக்கப்படும். மேலேறுங்கால் முன்னோரின் தரவரம்பு நோக்கப்படுவதில்லை. அவர்தம் கையாளிகளின் தரவரம்பே நோக்கப்படும். எனவே வேர்ப் பதிவாளியின் வரம்பை உயர்த்திவிட்டோம், இனி நுண்செய்திகள் வாரா எனக் கருதியிருப்பார்க்கு, தனக்கெனத் தாழ்ந்த வரம்பு பெற்ற மகவின் பதிவுகள் வந்துகொண்டே இருத்தல் வியப்பாகத் தோன்றும்.

ஜாங்கோவில் இவ்வமைப்பு முழுவதும் அமைவுக் கோப்பில் ஓர் அகராதி வடிவாக எழுதப்படும். சொல்லடைவுச் செயலிக்கு ஒரு கோப்புக் கையாளியும், எரர்த் தரத்தனவற்றைப் பொறுப்பாளர்க்கு அறிவிக்கும் அஞ்சற் கையாளியும் போதும். கோப்பின் பெயரை வேரிலிருந்து தொடங்கும் முழு வழியாகத் தருக; வெறும் பெயரைத் தரின், செயலி எந்த அடைவிலிருந்து இயக்கப்பட்டதோ அவ்வடைவில் அஃது உருவாகி, தேடுவார்க்கு அகப்படாது கிடக்கும். கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8 என வெளிப்பட எழுதுக. எழுதாவிடின் வழங்கி எந்த மொழியமைவில் இயங்குகின்றதோ அதன் குறியாக்கத்தை அது கைக்கொள்ளும். மேலைநாட்டு அமைவுடைய விண்டோஸ் கணினிகளில் அக்குறியாக்கத்திற் தமிழெழுத்திற்கு இடமே இல்லை. தமிழ்ச்சொல் வந்தவுடன் பதிவு எழுதப்படாது முறியும். இதிற் கொடியது யாதெனின், பதிவேட்டுக் கூறு தன் முறிவினைச் செயலிக்குத் தெரிவித்து அதனை நிறுத்துவதில்லை. பிழைவழி என்னும் வேறொரு வாயிலிற் சில வரிகளை உமிழ்ந்துவிட்டு மேற்செல்லும். அவ்வாயிலை ஒருவரும் நோக்காவிடின், ஆங்கிலச்சொல் தேடியார் பதிவுகள் மட்டும் ஏட்டில் நிற்க, தமிழ்ச்சொல் தேடியார் பதிவுகள் சுவடின்றி மறையும்.

இனிப் பழுது நாடலுக்கு வருவோம். பதிவேடு வெறுமையாக உள்ளது எனின் எங்குத் தொடங்குவது? பதிவு செல்லும் வழியே தானும் செல்லுதல் வேண்டும். முதலாவது, பதிவு செய்க என்னும் ஆணை உள்ள இடத்தை நிரல் சென்றடைந்ததா என்பது. அதற்கு முன்னரே ஒரு பிழை எழுந்து, அதனை நிரலாசிரியர் பிடித்து ஒன்றும் செய்யாது விடுத்திருப்பரேல், அவ்வாணை நிகழ்ந்தேயிராது. பிழையைப் பிடித்து வாளா விடும் இவ்வழக்கம் சொல்லடைவுச் செயலியிற் பெருந்தீங்கு பயப்பது. தரவுத்தளம் முறிந்துழியும், வெறும்பட்டியலை விடையாகத் தந்து 'முடிவுகள் 0' எனக் காட்டுவது இதுவே. பிடித்த இடத்திலேயே பிழையின் தடத்தை முழுதும் எழுதவல்ல தனி ஆணை பைத்தானில் உண்டு. அதனை இடுதல் வேண்டும். விடையும் 'இல்லை' என்றன்றி, 'தேட இயலவில்லை' என்று வருதல் வேண்டும்.

இரண்டாவது, பதிவாளியின் தரவரம்பு. ஒன்றும் அமைக்காதவிடத்து வேரின் வரம்பு வார்னிங் ஆகும். ஆதலின் இன்ஃபோப் பதிவுகள் யாவும் வாயிலிலேயே நிற்கும். புதிதாகக் கற்போர் உறும் இடர்களில் இதுவே பெரும்பான்மை. மூன்றாவது, அகராதி வடிவ அமைப்பில் உள்ள ஓர் இயல்பு. முன்பிருந்த பதிவாளிகளை முடக்குக என்னும் கூற்று, வேறு கூறாவிடின், 'ஆம்' என்றே கொள்ளப்படும். அமைப்பு ஓதப்படுமுன் பிறந்த பதிவாளிகள், அமைப்பில் தம் பெயரோ தம் முன்னோர் பெயரோ குறிக்கப்படாவிடின், ஊமையாகிவிடும். பிழைச்செய்தி ஒன்றும் எழாது. பெரும்பாலார்க்கு வேண்டுவது 'அன்று' என்னும் விடையே, அதனை எழுதிவிடுக. சிறு நிரல்களிற் பயன்படும் எளிய அமைப்பாணையும் இத்தகைய அமைதியுடையது: வேருக்கு முன்னரே ஒரு கையாளி இருப்பின் அவ்வாணை யாதும் செய்யாது திரும்பும்.

நான்காவது, கோப்பின் உரிமை. பொறுப்பாளர் ஒருவர் முதல்வர் உரிமையோடு வழங்கியில் ஏதேனும் ஓராணையை ஒருமுறை இயக்கினார் எனின், பதிவேடு அவ்வுரிமையின் பெயரால் உருவாகும். பின்னர் எளிய உரிமையோடு இயங்கும் வலைச்செயலி அதனைத் திறக்க இயலாது நிற்கும். கோப்பின் உடைமையாளர் யாவர் என நோக்கினால் இப்பழுது நொடியில் விளங்கும். நோக்காதார் நாட்கணக்கில் நிரலை ஆராய்வர்.

ஜாங்கோவிற்கே உரியதோர் இடரும் உண்டு. உருவாக்கக் காலத்திற் செவ்வனே வந்த செய்திகள், செயலி பொதுப்பயனுக்குத் திறக்கப்பட்டவுடன் நின்றுபோதல் பலர் கண்ட நிகழ்ச்சி. 'டீபக்' என்னும் பெயர் பதிவின் தரத்திற்கும், செயலியின் உருவாக்க நிலையைக் குறிக்கும் அமைவிற்கும் ஒருங்கே வழங்குதல் இம்மயக்கத்தை வளர்க்கின்றது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. உருவாக்க நிலை நீக்கப்பட்டவிடத்து, ஜாங்கோ தன் இயல்பமைப்பின்படி திரைக்குச் செய்தி விடுத்தலை நிறுத்தி, எரர்த் தரத்தனவற்றைப் பொறுப்பாளர் பட்டியலில் உள்ளார்க்கு அஞ்சல் செய்யும். அப்பட்டியல் வெறுமையாயின் செய்தி எங்கும் செல்லாது. பயனர் திரையில் 500 என்னும் எண்ணைக் காண்பர். துறையார் ஒன்றும் காணார்.

எழுதாமையினும் மறுதலையான பழுது, ஒரே பதிவு இருமுறை எழுதப்படுதல். மகவினிடத்தும் வேரினிடத்தும் ஒரே கோப்பிற்குரிய கையாளிகளை இட்டு, மேலேறுதலைத் தடுக்காமையே இதன் காரணம். தேடல்களை எண்ணிக் கணக்கிடும் ஆய்விற்குப் பதிவேட்டைப் பயன்கொள்வார், இவ்விரட்டிப்பை அறியாராயின் தம் எண்ணிக்கை முழுதும் பிழைபடக் காண்பர். காலக்குறிப்பும் அத்தகையதே. வழங்கியின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தைக் காட்டுமாயின், பதிவில் உள்ள பொழுது நம் பொழுதினும் 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். நள்ளிரவுக்குப்பின் நிகழ்ந்தது முன்னாள் மாலைக்குரியதாகப் பதியும். எந்நேரத்தைக் கொண்டது என்பதை வரியிலேயே குறித்தல் நன்று.

பதிவேடு வளர்ந்துகொண்டே செல்வது. தட்டு நிரம்பினால் பதிவு மட்டுமன்றிச் செயலியும் தரவுத்தளமும் நிற்கும். ஆதலின் குறித்த அளவோ குறித்த நாளோ எய்தியவுடன் பழைய ஏட்டைப் பெயர்மாற்றி ஒதுக்கிப் புதிய ஏடு திறத்தல் வழக்கு. பைத்தானிலேயே இதற்குச் சுழற்சிக் கையாளி உண்டு. எனினும் வலைச்செயலி பெரும்பாலும் ஒரே செயல்முறையாக இயங்குவதில்லை. ஒரே வேளையிற் பல செயல்முறைகள் ஒரே ஏட்டில் எழுதும். அவற்றுள் ஒன்று ஏட்டைப் பெயர்மாற்ற, ஏனையவை பழைய ஏட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கப் பதிவுகள் சிதறும், மறையும். இந்நிலையிற் சுழற்சியை லினக்சின் 'லாக்ரொட்டேட்' என்னும் கருவியிடம் விடுத்து, ஏடு மாறியதைத் தானே கண்டு மீளத் திறக்கும் கையாளியைச் செயலியில் அமைத்தல் தக்கது. பதிவேட்டை அழித்தும் தட்டில் இடம் மீளவில்லை என்பாரும் உளர். திறந்து வைத்திருக்கும் செயல்முறை விடுவிக்கும் வரை, பெயர் நீங்கிய ஏடு தட்டிற் கிடந்தே தீரும் என்பது அதன் விடை.

ஏட்டுச்சுவடி ஆராய்ந்தார்க்கு இடைச்செருகல் புதிதன்று. பதிவேட்டிலும் அஃது உண்டு. பயனர் இட்ட சொல்லை அப்படியே எழுதுங்கால், அச்சொல்லினிடையே வரிமுறிக்கும் குறி ஒன்றைப் புகுத்துவாராயின், அதன் பின்னுள்ளது ஏட்டிற் புதிய வரியாக, செயலி தானே எழுதியது போல் நிற்கும். வரிமுறிக் குறியை வெளிப்படையான எழுத்தாக மாற்றியே எழுதுதல் வேண்டும். எழுதுவோன் தான் படியெடுப்பதனுள் உள்ள ஆணையைத் தானே நிறைவேற்றத் தொடங்கினால் என்னாகும் என்பதற்கு 2021 டிசம்பரில் வெளிப்பட்ட நிகழ்ச்சி சான்று. ஜாவா மொழியாளர் பெரிதும் கையாண்ட 'லாக்4ஜே' இரண்டாம் பதிப்பு, பதிவிற்கு வந்த வரியில் ஒருவகைக் குறியீடு காணின் அதனைப் பொருள்கொண்டு, அயலிடத்திலிருந்து நிரலை வருவித்து இயக்கும் இயல்புடையதாக இருந்தது. உலகெங்கும் வழங்கிகள் தாக்குதலுக்கு உள்ளாயின.

எழுதலாகாதனவும் உண்டு. கடவுச்சொல் எந்நிலையிலும் பதிவேட்டிற் புகுதல் ஆகாது. ஆய்வு மாணவர் ஒருவர் வெளியிடுமுன் தேடும் சொற்களின் வரிசை, அவர்தம் ஆய்வின் போக்கையே புலப்படுத்தும். ஆதலின் தேடற்சொல்லையும் தேடியவர் பெயரையும் ஒரே வரியிற் பிணித்தல் எம் கருத்திற் தகாது. வேண்டுழி, ஒவ்வொரு வேண்டுகைக்கும் ஒரு தற்காலிக எண் தந்து, அதன் பதிவுகளை அவ்வெண்ணாற் தொடுக்கலாம். ஆளை அறியாமலே நிகழ்ச்சியைத் தொடரலாம்.

தமிழெழுத்துப் பற்றிய பழுதுகளை இறுதிக்கண் வைத்தோம். இவை பிறர்க்கு வாரா, நமக்கே உரியன. வலைவழங்கியின் ஏட்டிற் தேடற்சொல் தமிழாகத் தோன்றாது. ஒருங்குறிக் குறி ஒவ்வொன்றும் மூன்று எண்மிகளாகி, ஒவ்வோர் எண்மியும் நூற்றுக்குறியோடு கூடிய மூன்று எழுத்தாகும். எனவே ஒரு குறிக்கு 9 எழுத்து. 'கொடி' என்பதற்குக் குறிகள் நான்காதலின் அஃது 36 எழுத்தாக நிற்றல் வேண்டும். ஒரோவழி 45 எழுத்தாக நிற்கும். ஏனெனின், ஒகரக் குறியை 3018 என்னும் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி 3014, கால் 3006 என இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. நூற்பாடம் ஒருவகையாலும் தேடல் மற்றொருவகையாலும் அமைந்துழி விடை இன்மையாகும். ஒருங்குறி வகுத்த இயல்பாக்க முறையால் இரண்டனையும் ஒருவகைப்படுத்தல் இதன் மருந்து.

ஔகாரத்திற்கு அம்மருந்தும் உதவாது. 'வௌவல்' என்பதன் முதலெழுத்தை 2997, 3020 என எழுதுதலே முறை. ஆயின் தட்டெழுதுவார் பலர் எகரக் குறியும் ளகரமும் அடுத்து இட்டு 2997, 3014, 2995 என அமைத்துவிடுகின்றனர். இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். எனினும் ளகரம் உண்மையில் ஒரு மெய்யெழுத்தாதலின் இயல்பாக்கம் அதனைத் தொடாது. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த சொற்களில் 8204 என்னும் கட்புலனாகாக் குறி ஒளிந்து வருதலும் உண்டு. பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய சொல்லோ, உள்ளே உரோமன் எழுத்தாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் வெளிப்படுத்துதற்கு, விடை 0 ஆன தேடல்களுக்கு மட்டும் சொல்லோடு அதன் குறியெண்களையும் எழுதுமாறு பதிவை அமைத்தல் வேண்டும். தமிழ்க்குறிகள் 2944 முதல் 3071 வரை உள்ள எல்லைக்குள் அடங்கும்; அதற்குப் புறத்தே ஓர் எண் காணின் அத்தேடல் ஐயத்திற்குரியது. எல்லைக்குள்ளேயே 3014ஐ அடுத்து 2995 வரின், பிழையா முறையா எனத் துணிதல் சொல்லை அறிந்தார்க்கே இயலும். 'வெள்ளம்' என்பதிலும் அவ்விரண்டும் அடுத்தே வருகின்றன. ஆதலின் நிரல் தானே திருத்துதல் ஆகாது. பதிவேட்டிலிருந்து அத்தகைய வரிகளைப் பிரித்தெடுத்து வாரம் ஒருமுறை ஒருவர் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்குங்கால், தேடியவர் எழுத்து முறையாக இருப்ப, நூற்பாடத்தைத் தட்டெழுதியவர் எழுத்தே பிறழ்ந்திருத்தலும் சிலவிடத்து வெளிப்படும். அங்குத் திருத்தவேண்டுவது தேடலையன்று, பாடக் கோப்பினை; திருத்திய நாளையும் குறித்துவைத்தால், அந்நாளுக்கு முன் அச்சொல் பற்றிக் கூறப்பட்ட இன்மை முடிவுகளை மீண்டும் நோக்க இயலும்.